ஆற்றுப்படையும் அயாவாஸ்காவும்

சென்ற பொங்கலுக்கு மறுநாள், என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் பாகான் டத்தோவில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். தென்னந்தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் ஆத்திசூடி படித்து, இன்று கோலாலம்பூரில் கணினித் துறையில் நல்ல பணியில் இருப்பவர். அவர் தந்தையார் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. முகத்தில் ஒளி இல்லை. பேச்சில் பழைய விரைவும் இல்லை. தேநீர் அருந்தியபின், பையிலிருந்து மூன்று விளம்பர ஏடுகளை எடுத்து என் முன் வைத்தார். "ஐயா, இந்த மூன்றில் எது நல்லது என்று நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

உயர்கல்விக் கூடங்களைப் பற்றியவை போலும் என்று எண்ணிப் புரட்டினேன். மூன்றும் தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டு விடுதிகளைப் பற்றியவை. அயாவாஸ்கா என்னும் மூலிகைக் கஷாயத்தை இரவில் பருகச் செய்து, பாட்டுப் பாடி, மனத்துயரை நீக்குவதாக அவை கூறின. வண்ணப் படங்கள், ஆறுகள், ஆலமரம் போன்ற பெருமரங்கள், புன்னகை பூத்த வெளிநாட்டார் முகங்கள். அவற்றிற்குக் கீழே நலம் பெற்றோர் என்போரின் சான்றுரைகள்.

மருந்தைப் பற்றித் தமிழாசிரியனிடம் கேட்பது முறையா என்று முதலில் மயங்கினேன். பிறகு ஒன்று தோன்றியது. அவர் என்னிடம் மருந்தைக் கேட்கவில்லை; ஏட்டைப் படிக்கச் சொல்கிறார். ஓரிடத்திற்குச் சென்று நலம் பெற்றவன், இன்னும் செல்லாதவனுக்கு வழி கூறும் நூல் வகை தமிழுக்குப் புதியதன்று. அதற்கு ஆற்றுப்படை என்று பெயர். அந்த அளவுகோலை வைத்து இந்த ஏடுகளைப் பார்த்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே இக்கட்டுரை.

ரப்பர் வந்த வழி

அமேசான் காடு நமக்கு முற்றும் அயலன்று என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். 1876இல் ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டுத் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22, 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது நம் பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியலில் வாளியும் உளியும் ஏந்திப் பால் வெட்டிய மரங்கள் அந்த அமேசான் மரத்தின் வழித்தோன்றல்களே.

அந்த உறவுக்குத் துயரமான மறுபக்கமும் உண்டு. பெரு நாட்டு இக்கீட்டோஸ் நகரம் காட்டு ரப்பர் வாணிகத்தால் செழித்தது. புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் பழங்குடி மக்கள் ரப்பருக்காகப் பட்ட கொடுமைகளை ரோஜர் கேஸ்மெண்ட் நேரில் ஆராய்ந்து எழுதினார்; அவ்வறிக்கை 1912இல் வெளிவந்தது. அதே காலத்தில் மலாயா, இலங்கைத் தோட்டங்களின் ரப்பர் உலகச் சந்தையில் குவியவே, அமேசானின் வாணிகம் சரிந்தது. சாலை வழியாக நாட்டின் பிற நகரங்களோடு இணைப்பில்லாத, ஆற்றாலும் வானூர்தியாலும் மட்டுமே சேரத்தக்க அந்த இக்கீட்டோஸ்தான் இன்று அயாவாஸ்கா நாடிச் செல்வோரின் பெருவாயில். ரப்பர் வந்த வழியே தோட்டத்துப் பிள்ளை ஒருவர் திரும்பிச் செல்ல விரும்புகிறார். சென்ற நூற்றாண்டில் நம் முன்னோரைக் கப்பலேற்றியவர்களும் வழி கூறியவர்களே. தேங்காயும் மாசியும் தின்று வாழலாம் என்று கங்காணிமார் கூறிய கதையைத் தோட்டத்து முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குழி இருப்பதைச் சொல்லாத வழிகாட்டுதல் என்ன செய்யும் என்பதை நம் குடும்பங்கள் பட்டறிந்திருக்கின்றன.

இருவகை வழிகாட்டல்

ஆற்றுப்படையின் இலக்கணத்தைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் கூறுகிறார். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் பரிசில் பெற்று வருபவர், அது பெறாத வறியவரை வழியில் கண்டு, தாம் பெற்ற வளத்தை அறிவுறுத்தி, தாமும் அவ்வாறே சென்று பெறுமாறு செலுத்துவது அது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படையே. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் தொட்டு இவற்றின் நயங்களைப் பலர் விரித்துரைத்துள்ளனர். நான் ஈண்டு நோக்க விரும்புவது ஒரே ஒரு வேறுபாட்டை.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனின் நாட்டு வழியைப் பற்றி என்ன சொல்கிறார்? அங்கே வழிப்பறி செய்யும் கள்வர் இல்லை, இடியும் கடுமையாக முழங்காது, பாம்பும் தீண்டாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது என்கிறார். அச்சமே இல்லாத வழி அது.

மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் கூறும் வழி முற்றும் வேறு. நன்னன் சேய் நன்னனைக் காணச் செல்லும் கூத்தரிடம் அவர் கூறுவதைக் கேளுங்கள். பன்றி விழுவதற்குப் பொறி வைத்திருக்கிறார்கள். ஆதலின் இரவில் நடவாதீர்கள், விடிந்தபின் செல்லுங்கள். குழிகளில் பாம்பு மறைந்து கிடக்கும்; ஒதுங்கிச் செல்லுங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர்; அது உயிரைக் கவரும்; மரங்களின் மறைவிலே செல்லுங்கள். நீர்நிலைக் கரையில் பாசி வழுக்கும். கோலைப் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள். இவ்வாறு இடம் இடமாக இடரைச் சுட்டி, ஒவ்வோர் இடருக்கும் காப்பும் சொல்கிறார்.

இரண்டும் புரவலனைப் புகழும் பாட்டுகளே. பெரும்பாணாற்றுப்படை பொய் சொல்கிறது என்று யாரும் கருத வேண்டா. பாம்பு தீண்டாத வழி என்பது அரசனின் செங்கோலுக்குக் கவிஞர் கட்டிய மாலை. அந்த உறுதிமொழிக்குப் பின்னால் காவலன் ஒருவன் நிற்கிறான். வழியில் கேடு நேர்ந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. காவலன் இல்லாத இடத்தில் அதே மொழியைக் கூறினால் அது வெறும் ஆசைகாட்டல் ஆகிவிடும். வழிகாட்டி என்ற முறையில் நோக்கும்போது மலைபடுகடாமே நம்பத்தக்கது. தன் புரவலன் புகழுக்குக் குறை வருமோ என்று அஞ்சாமல், வழியில் உள்ள குழியை அது காட்டுகிறது.

மாணவர் தந்த மூன்று ஏடுகளையும் இந்தக் கண்ணோடு படித்தேன். இரண்டில் பாம்பே இல்லை. மூன்றாவதில், கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில் சில வரிகள் இருந்தன.

கொடியும் இலையும்

குழியைக் காட்டுவதற்கு முன் மருந்தின் தன்மையைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். அயாவாஸ்கா என்பது கெச்சுவா மொழிச் சொல். ஆவி அல்லது இறந்தோர் என்னும் பொருள் தரும் சொல்லும், கயிறு அல்லது கொடி என்னும் பொருள் தரும் சொல்லும் சேர்ந்தது. ஆங்கிலேயத் தாவரவியலார் ரிச்சர்டு ஸ்புரூஸ் 1852இல் பிரேசிலில் இக்கொடியைக் கண்டு குறித்தார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அமேசான் மக்கள் அதனை அறிந்து பயன்படுத்தி வந்தனர்.

கஷாயத்தில் பெரும்பாலும் இரு தாவரங்கள் சேர்கின்றன. ஒன்று அந்தக் கொடி. மற்றொன்று சக்ருணா என்னும் செடியின் இலை. அது காப்பிச் செடியும் முருகனுக்கு உகந்த நம் வெட்சியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. மனத்தில் காட்சிகளை எழுப்பும் டி.எம்.டி. என்னும் பொருள் இலையில் உள்ளது. அதனை வாய்வழி உண்டால் குடலிலும் ஈரலிலும் உள்ள மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின் முதலிய பொருள்கள் அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன. அதனால் இலையின் ஆற்றல் மூளையை எட்டுகிறது. சில மணி நேரம் நீடிக்கிறது. இத்துணைச் செடிகளுள் இவ்விரண்டையும் இணைத்த அம்மக்களின் அறிவு வியக்கத்தக்கது. பெரு அரசு 2008இல் இம்மரபறிவைத் தன் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. பிரேசிலில் 1930இல் சாந்தோ தைமே என்னும் சமய நெறியும், 1961இல் உனியாவ் தோ வெஜிதால் என்னும் நெறியும் இதனைச் சடங்குப் பருகலாகக் கொண்டு எழுந்தன. அந்நாடு 2010இல் வகுத்த விதிகள், இதனைச் சமயச் சடங்குக்கே உரியதாக்கி, வாணிகப் பொருளாக்குவதைத் தடுக்கின்றன.

ஆதலின் இதனைத் தோட்டத்துக் கள்ளுக்கடையோடு ஒப்பிட்டு ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. ஆனால் அந்த நொதியைத் தடுக்கும் செயலே பெருங்குழியும் ஆகிறது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சான்றுரையைப் படிக்கும் முறை

மூன்று ஏடுகளிலும் மிகுந்த இடம் பெற்றவை சான்றுரைகள். "நான் மீண்டும் பிறந்தேன்" என்ற கருத்தைப் பலர் பலவாறு கூறுகின்றனர். அவர்கள் பொய்யர்கள் என்று நான் எண்ணவில்லை. ஆயினும் சான்றுரையை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை அகநானூற்று 22ஆம் பாட்டில் வெறிபாடிய காமக்கண்ணியார் நமக்குக் கற்பித்துள்ளார்.

தலைவி காதலால் மெலிகிறாள். காரணம் அறியாத தாய், முருகன் அணங்கினான் என்று எண்ணி, வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். களம் இழைத்து, மாலை சூட்டி, பலி கொடுத்து, வீடு முழங்கப் பாடி ஆடுகின்றனர். அதே இரவில், காவலர்க்குத் தெரியாமல் தலைவன் வருகிறான். தலைவியின் நோய் தீர்கிறது. அவள் தனக்குள் நகைக்கிறாள். நோய் நீங்கியது உண்மை. நீக்கியவன் வேலன் அல்லன்.

மறுநாட் காலையில் அந்தத் தாயிடம் சான்றுரை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? வேலன் வந்தான், மகள் நலம் பெற்றாள் என்று மனமாரக் கூறியிருப்பாள். அவள் கூற்றில் வஞ்சகம் இல்லை. ஆனால் அது வேலனுக்குச் சான்றாகாது.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் இந்த நுட்பத்தை உணர்ந்தே ஆய்கின்றனர். பிரேசிலின் நாத்தால் நகரத்தில், மருந்துக்கு எளிதில் அடங்காத மனச்சோர்வு கொண்ட 29 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. 14 பேருக்கு அயாவாஸ்காவும், 15 பேருக்கு அதனைப் போலவே தோன்றும் வெறுங்கரைசலும் ஒரு முறை கொடுக்கப்பட்டன. ஏழாம் நாளில் அயாவாஸ்கா பருகியவருள் நூற்றுக்கு 64 பேருக்கு நோய் பாதியாயினும் குறைந்திருந்தது. வெறுங்கரைசல் பருகியவருள்ளும் நூற்றுக்கு 27 பேருக்கு அவ்வாறே குறைந்திருந்தது. மருந்துக்கு ஏதோ ஆற்றல் உண்டு என்பதை முதல் எண் காட்டுகிறது. வேலன் வராமலே நோய் தணிவதும் உண்டு என்பதை இரண்டாம் எண் காட்டுகிறது. இந்த 29 பேரும் மருத்துவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; பழைய மாத்திரைகள் நிறுத்தப்பட்டு இடைவெளி விட்டபின், மருத்துவமனைக் கண்காணிப்பில் பருகியவர்கள். விளம்பர ஏடு ஒன்று இந்த 64ஐ மட்டும் எடுத்துப் போட்டிருந்தது. 27ஐயும் காணோம், மருத்துவமனையையும் காணோம்.

மற்றோர் ஆய்வும் குறிக்கத்தக்கது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அயாவாஸ்கா பருகிய 10,836 பேரிடம் கேட்டுத் திரட்டிய செய்திகள் 2022இல் வெளிவந்தன. நூற்றுக்கு 70 பேர் வாந்தி முதலிய உடல் துன்பங்களைக் கூறினர். நூற்றுக்கு 2.3 பேருக்குப் பின்னர் மருத்துவ உதவி தேவைப்பட்டது. அடுத்த வாரங்களிலோ மாதங்களிலோ மனத் துன்பம் கண்டதாக நூற்றுக்கு 56 பேர் கூறினர். அவ்வாறு கூறியவருள் நூற்றுக்கு 88 பேர், அத்துன்பமும் தம் வளர்ச்சிக்கு உதவியதாகவே கருதினர். சுமார் 12 பேர் அதற்கென மருத்துவ வல்லுநர் உதவியை நாடினர்.

இந்த 88ஐ எப்படிப் படிப்பது? துன்பமும் நன்மைக்கே என்று உண்மையாகவே அறிந்தவர் அதில் இருக்கலாம். பெரும்பொருள் செலவிட்டு நெடுந்தொலைவு சென்றவர், வீணாயிற்று என்று சொல்ல மனம் வராதவரும் இருக்கலாம். இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. ஆற்றுப்படையைப் பாடுபவன் பரிசில் பெற்றவன். பெறாது திரும்பியவன் பாடுவதில்லை. திரும்பவே திரும்பாதவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஏட்டில் இல்லாத குழிகள்

2012இல் பெரு நாட்டு விடுதி ஒன்றில் 18 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் அயாவாஸ்கா பருகிய இரவில் இறந்தார். சடங்கு நடத்தியவர் உடலைப் புதைத்துவிட்டு, இளைஞர் தாமே வெளியேறிச் சென்றதாக முதலில் கூறினார். பின்னரே உண்மை வெளிப்பட்டது. இத்தகைய இறப்புகள் மிகுதி என்று கூறி அச்சுறுத்துவது என் நோக்கமன்று. குழி உண்டு, அது எங்கே என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

முதற்குழி, ஏற்கெனவே உண்ணும் மருந்து. மனச்சோர்வுக்காக இன்று பலர் உண்ணும் மாத்திரைகள் செரட்டோனின் என்னும் பொருளை மூளையில் மிகுவிப்பவை. அவற்றின்மேல், நொதியைத் தடுக்கும் இக்கொடியும் சேர்ந்தால் அப்பொருள் அளவு கடந்து, உடல் கொதித்து, நடுக்கமும் வலிப்பும் கண்டு, உயிருக்கே ஊறு நேரலாம். ஃபுளுவாக்ஸெடின் போன்ற மாத்திரை, நிறுத்தியபின்னும் ஐந்து வாரம் வரை உடலில் தங்கிச் செயற்படும். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் இதனோடு சேரலாகாது. அதற்காக மாத்திரையைத் தாமே திடீரென நிறுத்துவது மற்றொரு குழி. என் மாணவர் எட்டு மாதமாக அத்தகைய மாத்திரை உண்டு வருகிறார் என்பதை நான் கேட்ட பிறகே சொன்னார். மூன்று ஏடுகளுள் இரண்டு அதனைக் கேட்கவே இல்லை.

இரண்டாம் குழி, உடலும் குடிவழியும். நெஞ்சுநோயும் உயர் இரத்த அழுத்தமும் உடையவர்க்கு இது ஆகாது. தமக்கோ நெருங்கிய உறவினர்க்கோ மனப்பிளவு நோய் முதலியன இருந்தால், உறங்கிக் கிடப்பது எழுந்துவிடக்கூடும்.

மூன்றாம் குழி, கலவை. சிலர் கஷாயத்தில் தோயே என்னும் செடியைச் சேர்க்கின்றனர். அது நம் ஊமத்தையின் நெருங்கிய உறவு. அதே வகை நஞ்சுடையது. ஊமத்தையைச் சிவனுக்குச் சூட்டலாம். நாம் உண்ணலாகாது என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது எல்லா நாட்டிற்கும் பொருந்தும்.

நான்காம் குழி, மனிதர். மயங்கிய நிலையில் இருக்கும் பெண்களிடம் சடங்கு நடத்துவோர் சிலர் முறைகேடாக நடந்த செய்திகள் பல வெளிவந்துள்ளன. இரவில் யார் விழித்திருந்து காவல் காப்பர், பெண்களுக்குப் பெண் துணை உண்டா, அருகிலுள்ள மருத்துவமனை எத்துணை மணி நேரத் தொலைவு, படகு இரவில் செல்லுமா என்பன கேட்டே தீர வேண்டியவை.

ஐந்தாவது, சட்டம். டி.எம்.டி. 1971ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் முதற்பட்டியலில் உள்ள பொருள். பெருவில் மரபுச் செல்வமாக இருப்பது நம் வானூர்தி நிலையத்தில் அவ்வாறு கருதப்படாது. நினைவுக்கென ஒரு குப்பி கொண்டு வரலாம் என்று எண்ணுபவர், நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

நோய் எது?

இவை யாவும் எங்கே போவது என்பதைப் பற்றியவை. அதற்கும் முற்பட்ட கேள்வி ஒன்று உண்டு. அதனைச் சங்கப் பாட்டின் தோழி கேட்கிறாள். ஐங்குறுநூற்றில் கபிலர் வெறிப்பத்து என்று ஒரு பத்தே பாடியுள்ளார். குறுந்தொகை 362ஆம் பாட்டில் தோழி வேலனை வினவுகிறாள்: ஆட்டை அறுத்துப் பலி கொடுக்கிறாயே, இவளை வருத்திய மலைநாடன் மார்பும் அந்தப் பலியை உண்ணுமோ? நற்றிணை 34இல் முருகனையே விளித்து, இந்நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வேலன் அழைக்க வந்தாயே, கடவுளாயினும் நீ அறியாமை உடையவன்தான் என்று அன்போடு நகையாடுகிறாள். அவள் முருகனை மறுக்கவில்லை, வெறியாட்டையும் மறுக்கவில்லை. இந்த நோய்க்கு இந்தச் சடங்கா என்று மட்டும் கேட்கிறாள்.

நானும் அதனையே கேட்டேன். "தம்பி, உனக்கு நோய் என்ன?" நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா ஐ.சி.யு.வில் இருந்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன் ஐயா. போன் அடித்தது, எடுக்கவில்லை" என்றார். ஓராண்டாக அவர் யாரிடமும் கூறாத சொல் அது. அழுதார். நானும் தடுக்கவில்லை.

மனநல மருத்துவரிடம் இதைச் சொன்னாயா என்றேன். தாம் மாத்திரை பெறுவது ஒரு தனியார் மருத்துவரிடம் என்றும், மனநல மருத்துவரிடம் சென்றால் ஊரார் என்ன சொல்வர் என்றும் தயங்கினார். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பேரா மாநிலத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. 1911இல் தொடங்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். வகுப்பறையில் அச்சொல்லைச் சொல்லி ஒரு மாணவன் மற்றொருவனை ஏசியபோது, நகைத்துவிட்டுக் கடந்து சென்ற ஆசிரியருள் நானும் ஒருவன். ஈப்போவுக்கு அருகிலுள்ள மருத்துவமனையின் வாயிலை வெட்கத்தால் அடைத்துவிட்டு, பிள்ளைகள் ஏன் கடல் கடந்து மருந்து தேடுகின்றனர் என்று கேட்பதில் பொருளில்லை.

நம்மிடமும் மனத்தை அசைக்கும் சடங்குகள் உண்டு. தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுப்பவரைப் பாருங்கள். அவர் பல நாள் விரதம் இருக்கிறார். அலகு குத்துபவரை அவர் குடும்பம் முன்பே அறியும். பின்னால் அக்காள் தண்ணீர்ச் செம்போடும், மைத்துனர் முக்காலியோடும் நடக்கின்றனர். சாமி மலையேறும்போது தாங்கிப் பிடிக்கப் பத்துக் கைகள் உண்டு. மறுநாள் வீட்டுக்கு வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆளுண்டு. சடங்கின் ஆற்றலில் பெரும்பகுதி அந்தக் கைகளில் இருக்கிறது. அமேசான் மக்களுக்கும் அவ்வாறே. பாடுபவர் அவ்வூரார், பருகுபவர் அவ்வூரார். விடுதிக்குப் போகிறவர் கஷாயத்தை மட்டுமே விலைக்கு வாங்க முடியும். அந்தக் கைகளை வாங்க முடியாது. ஏழாம் நாள் வானூர்தி ஏறியபின் அவர் தனியர்.

புல் முடிதல்

அன்று இருவரும் அமர்ந்து கேள்விகள் சில எழுதினோம். நான் இந்த மாத்திரை உண்கிறேன், வரலாமா? வருவோர் உடல்நிலையை ஆராய்வது மருத்துவரா? கஷாயத்தில் என்னென்ன சேரும்? இரவில் காவல் யார், மருத்துவமனை எவ்வளவு தொலைவு? இதுவரை யாருக்கேனும் கேடு நேர்ந்ததுண்டா, அப்போது என்ன செய்தீர்கள்? திரும்பிச் சென்றபின் யாரிடம் பேசலாம்? இவற்றை மூன்று இடங்களுக்கும் அனுப்பினார்.

ஓரிடத்திலிருந்து மறுமொழியே இல்லை. ஓரிடம் கேள்விகளை விட்டுவிட்டு, இம்மாத இறுதிக்குள் பணம் கட்டினால் கட்டணம் குறையும் என்று எழுதியது. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்து இருந்த மூன்றாம் இடம், நீண்ட மடல் எழுதியது: இம்மாத்திரை உண்ணும் வரை வராதீர்கள், எங்களுக்காக அதனை நிறுத்தவும் செய்யாதீர்கள், முதலில் உங்கள் மருத்துவரைக் காணுங்கள். இரவில் ஒருவர்க்கு வலிப்பு கண்டு, நான்கு மணி நேரம் படகில் கொண்டு சென்ற நிகழ்ச்சியையும் மறைக்காமல் எழுதியிருந்தனர். எது நல்லது என்று என்னைக் கேட்டாரல்லவா? வராதே என்று சொன்னதுதான் நல்லது என்றேன். மலைபடுகடாம் அவ்வாறுதான் பேசும்.

அவர் இப்போது திங்களுக்கு இருமுறை மனநல மருத்துவரைக் காண்கிறார். பெருவுக்குப் போவதில்லை என்று உறுதி கூறவில்லை, நானும் கேட்கவில்லை. அது அவர் முடிவு. மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

மலைபடுகடாத்தில் ஓரிடம் என் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. காட்டில் வழிகள் பலவாகப் பிரியும் இடத்தில், சரியான வழி எது என்று பின்னால் வருவோர் அறியும்படி, புல்லை முடிந்து வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்கிறார் புலவர். வகுப்பில் அப்பகுதியைப் பலமுறை பொருள் கூறிக் கடந்திருக்கிறேன். தமிழாசிரியர்களே, இத்தகைய ஏட்டோடு நாளை உங்களிடமும் ஒரு மாணவர் வரலாம். அவரை ஏசாதீர்கள், நகையாடாதீர்கள். உட்கார வைத்து ஏட்டைச் சேர்ந்து படியுங்கள். உனக்கு நோய் என்ன என்று கேளுங்கள். நான் முடிந்து வைக்கும் புல் இவ்வளவே.